பாழ்பட்ட பொதியிலும் பதினாறுகால் மண்டபமும்

(வட்டத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்து ஆண்டுகள் திங்கள் தவறாமல் கூடி, நூல்களைப் படித்து, விவாதித்து, சில வேளைகளில் சண்டையிட்டும் பிரியாமல் இருப்பது எளிய செயலன்று. கம்பனும் இளங்கோவும் பாரதியும் இந்த மேடையில் பலமுறை பேசப்பட்டுவிட்டார்கள். இன்று இடிந்த சுவர்களைப் பற்றிப் பேச ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். பேசுவதற்கு வேறு பொருள் தீர்ந்துபோனதால் அழைத்தீர்கள் என்று நான் எண்ணவில்லை. இடிந்த சுவருக்கும் தமிழ்ப் பாட்டுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. தமிழில் இடிந்த கட்டடத்துக்கு மதிப்பான பெயர் ஒன்று இல்லை. இடிபாடு என்கிறோம், சிதைவு என்கிறோம், பாழ் என்கிறோம். பிள்ளை உருப்படாமற் போனால் குட்டிச்சுவராய்ப் போனான் என்று நொந்துகொள்கிறோம். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பது பழமொழி. சுவர் இடிந்து குட்டையானால் அது கழுதை முதுகு தேய்க்கும் இடம் என்பதற்கு மேல் நம் பேச்சு வழக்கு அதற்கு மரியாதை கொடுக்கவில்லை. தத்துவ நூல்களில் மட்டும் முப்பாழ் என்று பாழுக்கு ஓர் உயர்வு உண்டு. அது இங்கே நம் பொருளன்று.

மேலை நாட்டில் நிலைமை வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் செல்வர்களிடையே இடிபாட்டை ரசிப்பது ஒரு நாகரிகமாகப் பரவியது. இயற்கையாக இடிந்த கோட்டை கிடைக்காதவர்கள், கொத்தனாரை அழைத்துத் தம் தோட்டத்தில் புதிதாகவே ஓர் இடிந்த கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள்! இது வேடிக்கைக்காகச் சொன்னதன்று, உண்மை. அந்தக் கண்ணோடுதான் தாமஸ் டானியலும் அவர் உறவினர் வில்லியம் டானியலும் 1792, 1793-ஆம் ஆண்டுகளில் நம் தென்னாட்டில் சுற்றி ஓவியங்கள் தீட்டினார்கள். அவை அழகிய ஓவியங்கள். ஆவண மதிப்பும் உடையவை. ஆயினும் அந்தக் காலத்து இடிபாட்டு ஓவிய மரபில் மனிதன் பெரும்பாலும் தூணின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாகவே ஒரு மூலையில் நிற்பான். தூண் ஏன் சாய்ந்தது, யார் சாய்த்தார்கள் என்ற கேள்வி ஓவியத்துக்குள் வருவதில்லை. கொடி படர்ந்திருந்தால் போதும், நிலவு இருந்தால் மிகவும் நல்லது.

நம் சங்கப் புலவர்கள் இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இடிபாட்டைப் பாடியிருக்கிறார்கள். அவர்கள் பார்த்த விதம் வேறு.

அகநானூற்றில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பாலைப் பாட்டு ஒன்று உண்டு. பொருள் தேடப் பிரிய நினைக்கும் தலைவன் தன் நெஞ்சோடு பேசுகிறான். இன்றிரவு தலைவியின் அருகில் இனிய உறக்கம். வழியில் போய்த் தங்க வேண்டிய இடமோ ஒரு பாழ்பட்ட பொதியில். அந்தப் பொதியிலைப் புலவர் காட்டும் முறையைப் பாருங்கள். வழிப்போக்கு வணிகரைக் கொள்ளையடிக்கும் வில்லேந்திய கள்வருக்கு அஞ்சி ஊரார் எழுந்து போய்விட்டார்கள். பாழான ஊரில் பீர்க்கங்கொடி படர்ந்திருக்கிறது. முருங்கையைத் தின்ன வந்த யானை, தினவெடுத்த முதுகைச் செங்கற் சுவரில் உரசுகிறது. சுவர் நெகிழ்ந்து விட்டம் விழுந்துவிடுகிறது. மாடத்தில் இருந்த புறா பறந்துவிட்டது. சுவரில் எழுதியிருந்த கடவுளும் போய்விட்டார். பலி இடுவார் இல்லை, மெழுகுவார் இல்லை. மெழுகாத திண்ணையில் குட்டி ஈன்ற நாய் படுத்திருக்கிறது. கூரையைக் கறையான் மூடியிருக்கிறது.

இதில் வீணான வருணனை ஒரு சொல்லும் இல்லை. சுவர் ஏன் இடிந்தது? யானை உரசியது. யானை ஏன் ஊருக்குள் வந்தது? ஊரில் ஆளில்லை. ஏன் ஆளில்லை? கள்வர் பயம். விட்டம் விழுந்ததிலிருந்து புறா பறந்தது வரை ஒன்றன்பின் ஒன்றாகக் காரணம் சொல்லிக்கொண்டே போகிறார். ஒரு பொறியாளர் ஆய்வறிக்கை எழுதினாலும் இவ்வளவு ஒழுங்காக எழுதுவாரா என்பது ஐயமே. இத்தனைக்கும் நடுவில் அந்த நாயை மறக்கவில்லை. மனிதன் விட்டுப்போன திண்ணை ஒரு தாய் நாய்க்குப் பயன்படுகிறது.

புறநானூற்றில் மருதன் இளநாகனார் காட்டும் பொதியில் இதன் உடன்பிறப்பு. அங்கும் தூணில் உறைந்த கடவுள் நீங்கிவிட்டார், பலி நின்றுவிட்டது. ஆனால் அவர் கண்ணில் பட்டது வேறொன்று. நரைத்த முதியவர்கள் பல காலம் அமர்ந்து சூதாடியதால் தரையில் காய் வைத்த இடங்கள் குழிந்திருக்கின்றன. முதியவர்கள் இல்லை, குழிகள் இருக்கின்றன. அந்தக் குழிகளில் இப்போது காட்டுக்கோழி முட்டையிட்டு நிறைத்திருக்கிறது. பாட்டு பாண்டிய மன்னனின் வீரத்தைப் புகழ எழுந்தது. அவன் சினந்தால் பகைவர் நாடு இப்படி ஆகும் என்பது கருத்து. ஆனால் படிப்பவர் நெஞ்சில் தங்குவது அரசனுடைய வீரமா, அந்தக் கிழவர்களுடைய ஆட்டமா? எனக்கு எப்போதும் கிழவர்கள்தாம். புலவரும் அதை அறியாமல் எழுதியிருக்க மாட்டார் என்பது என் துணிபு.

இனி ஒரு வியப்பான செய்தி. பாழ் பொதியிலை இவ்வளவு நுட்பமாகப் பாடிய உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையும் பாடியவர். அதற்காகக் கரிகாலன் அவருக்குப் பரிசளித்தான் என்பது மரபு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின் மேல் படையெடுத்தான். அவன் மெய்க்கீர்த்தியே அவன் செய்ததைப் பெருமையோடு சொல்கிறது: தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான், மாடம், மாளிகை, மண்டபம், ஆடரங்கு எல்லாவற்றையும் இடித்தான், இடித்த இடத்தைக் கழுதை பூட்டி உழுது கவடி விதைத்தான். குட்டிச்சுவரும் கழுதையும் சேர்ந்த பழமொழியை நாம் சிரித்துக்கொண்டு சொல்கிறோம். அரசியலில் அதற்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெள்ளறையில் ஒரு கல்வெட்டுச் செய்யுள் இருக்கிறது. சுந்தரபாண்டியன் சோழநாட்டில் அத்தனை மண்டபங்களையும் இடித்தபோது ஒன்றை மட்டும் இடிக்காமல் விட்டான். அது பட்டினப்பாலைக்காகக் கண்ணனாருக்கு அளிக்கப்பட்ட பதினாறுகால் மண்டபம் என்பது அதன் செய்தி. கரிகாலன் காலத்து மண்டபம் ஒன்று அவ்வளவு காலம் நின்றிருக்குமா என்று வரலாற்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. பகைவனுடைய மூதாதையைப் பாடிய புலவனுக்காக ஒரு வெற்றி வேந்தன் கையை நிறுத்தினான் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழர் நம்பினார்கள். நம்பியதைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். இடிந்த பொதியிலைப் பாடிய புலவருடைய பெயரே ஒரு மண்டபத்தை இடியாமல் காத்தது என்பதில் உள்ள பொருத்தத்தை அந்தக் கல்வெட்டை வெட்டியவர்கள் அறிந்திருந்தார்களோ இல்லையோ, நமக்கு அது ஒரு கொடை.

இப்போது கங்கைகொண்டசோழபுரத்துக்கு வருகிறேன். இங்கே சற்று நிற்க விரும்புகிறேன்.

முதலாம் இராசேந்திரன் கங்கை வரை படை செலுத்தி வென்ற பின் ஏறத்தாழ 1025-ஆம் ஆண்டில் அமைத்த தலைநகரம் அது. சோழர் ஆட்சி 1279-இல் முடியும் வரை, சுமார் இரண்டரை நூற்றாண்டுகள் பேரரசின் தலைமை அங்கே இருந்தது. அங்கே வெட்டிய சோழகங்கம் என்னும் பேரேரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித்தூண் என்று வருணிக்கிறது. இன்று போகிறவர் காண்பது என்ன? வயல்களுக்கு நடுவே கோயில் ஒன்று வானளாவி நிற்கிறது. 2004-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது. கோயிலைப் பார்த்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அரண்மனை இருந்த மாளிகைமேடு அருகில்தான் இருக்கிறது. அங்கே 1980 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் பலமுறை அகழ்ந்தார்கள். 2021-இல் மீண்டும் தொடங்கினார்கள். வெளிப்பட்டவை செங்கற் சுவர்களின் அடிப்பகுதிகள், மரத்தூண் நிறுத்திய கருங்கல் தாங்கிகள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனத்துப் பீங்கான் துண்டுகள். சுவரின் கனம் ஒரு மீட்டருக்கும் மேல். கடாரம் வரை ஆணை சென்ற அரண்மனையில் நமக்கு மிஞ்சியது முழங்கால் உயரச் சுவர்.

கோயில் கல், அரண்மனை செங்கல்லும் மரமும். கடவுளுக்குக் கல், அரசனுக்குச் செங்கல் என்பது அக்கால வழக்கு. ஆகவே கோயில் நின்றது, அரண்மனை போயிற்று என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. காலத்தின் கோலம் என்று ஒரு பெருமூச்சும் விடலாம். ஆனால் செங்கல் தானாக நடந்து போகாது. அரசர் இல்லாத ஊரில் அரண்மனை செங்கற் சுரங்கமாயிற்று. சுற்றுவட்டத்தில் வீடு கட்டியவர்கள் தோண்டி எடுத்தார்கள். நான் அவர்களைக் குறை கூறமாட்டேன். வரி வாங்கிக் கட்டிய அரண்மனையின் செங்கல் வரி கொடுத்தவர்களின் கொள்ளுப்பேரர் வீட்டு அடுப்படிக்குத் திரும்பி வந்திருக்கிறது; அவ்வளவுதான்.

கல்லால் ஆன கோயில் மட்டும் தப்பியதா? 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரின் பெயரோடு அறியப்படும் அணை அது. அணைக்குக் கல் வேண்டும். அருகில் கோயில் இருந்தது. கோயிலின் சுற்றுமதிலையும் சிற்ப வேலைப்பாடு மிக்க கற்கள் பலவற்றையும் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். 1855-இல் வெளியான ஒரு குறிப்பு இதைப் பதிவு செய்திருக்கிறது. ஊர் மக்கள் தங்களால் இயன்றவரை தடுத்துப் பார்த்தார்களாம். உரிமையில்லாத பொருளை அரசு ஊழியர்கள் எடுத்துப் போவதைத் தடுத்த குற்றத்துக்கு அவர்களுக்குத் தண்டனை கிடைத்ததாம். கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல்மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்களாம். அது நிறைவேறவே இல்லை என்று அந்தக் குறிப்பு வருந்துகிறது. தண்டனை பெற்ற மக்களின் பெயர்களை எழுதிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கோயிலைக் கட்டிய மன்னனின் பெயர் தெரியும், அணையைக் கட்டியவரின் பெயர் தெரியும். மதிலுக்கு முன்னால் நின்று எடுக்காதீர்கள் என்று சொன்னவர் யார்?

இதிலும் ஒரு மறுபக்கம் உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அந்த அணை வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்தது, இன்றும் கொடுக்கிறது. கீழணையிலிருந்து வடவாறு வழியாகச் செல்லும் நீர் வீராணம் ஏரியை நிரப்புகிறது. வீராணமும் சோழர் வெட்டிய ஏரிதான். 2004 முதல் அந்த ஏரியின் நீர் குழாய் வழியே சென்னைக்கும் செல்கிறது. இராசேந்திரனின் மதிற்கல் கொள்ளிடத்தில் நின்று, அவன் முன்னோர் வெட்டிய ஏரிக்கு நீரைத் திருப்பிவிடுகிறது. எது இழப்பு, எது பேறு என்று தராசில் வைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆனால் மதில் இல்லாத அந்த இடத்தில் நிற்கும்போது இவ்வளவும் தெரிந்து நிற்க வேண்டும் என்று கேட்கிறேன்.

இடிபாட்டின் அழகு பற்றிப் பேசுவதாகச் சொல்லிவிட்டு வழக்குப் பேசுகிறாரே என்று சிலர் நினைக்கலாம். அழகுக்கு வருகிறேன்.

புதுக்கோட்டைப் பகுதியில் கொடும்பாளூர் மூவர் கோயில் உங்களில் பலர் பார்த்த இடம். இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்தது. வரிசையாக மூன்று விமானங்கள் இருந்தன. இரண்டு நிற்கின்றன, மூன்றாவதில் அடித்தளம் மட்டுமே. சுற்றிலும் இருந்த சிறு கோயில்களும் அடித்தளங்களாகவே இருக்கின்றன. மூன்றும் முழுமையாக இருந்தால் நம் கண் ஒரு விமானத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போய்விடும். மூன்றாவது இடம் வெறுமையாக இருப்பதால் கண் அங்கே நிற்கிறது. நிற்கும் இரண்டைப் பார்த்து, இல்லாத ஒன்றை மனம் அளந்து அளந்து கட்டுகிறது. ஒரு விமானம் தரையிலிருந்து எப்படி எழுகிறது, எங்கே சுருங்குகிறது, நிழல் எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் புலப்படுகின்றன. முழுக் கட்டடம் தன் உள்ளுறுப்பைத் தோலால் மூடிக்கொண்டிருக்கிறது. இடிந்த கட்டடத்தில் சாந்து தெரியும், கல்லின் வாய் பொருந்திய விதம் தெரியும், உத்திரம் நுழைந்த துளை தெரியும். கொத்தனின் கை தெரியும். ஆசிரியர் பெயர் தெரியாத பாட்டில் நடையை வைத்துப் புலவரை உணர்வது போன்ற இன்பம் அது.

எல்லா இடிபாடும் இந்த இன்பத்தைத் தருமா? தராது, தரக்கூடாத இடங்களும் உண்டு. தனுஷ்கோடியை எண்ணுகிறேன். 1914 முதல் இலங்கைக்குச் செல்லும் போட் மெயில் பயணிகள் இறங்கிக் கப்பல் ஏறிய ஊர். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு புயலும் கடலும் சேர்ந்து அதை அழித்தன. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டி கடலோடு போயிற்று; அதில் இருந்தவர் எவரும் பிழைக்கவில்லை. பவளப்பாறைக் கல்லால் கட்டிய தேவாலயத்தின் சுவர்களும் இரயில் நிலையத்தின் சிதைவுகளும் மணலில் நின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை போடப்பட்ட பிறகு நாள்தோறும் கூட்டம். தேவாலயச் சுவரின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், சங்கு வாங்குகிறார்கள். நீலக் கடலின் முன் வெண்மணலில் அந்தச் சுவர் அழகாகத்தான் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அந்த மணலிலேயே குடிசை போட்டு மீன் பிடித்து வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய பெரியவர்களுக்கு அது காட்சிப் பொருளன்று, ஓர் இரவு. அவர்கள் கேட்கும் தொலைவில் நின்றுகொண்டு ஆகா என்று சொல்வதற்கு முன் ஒரு கணம் நாக்கை அடக்கிக்கொள்ளலாம். டானியல் ஓவியத்தின் மூலையில் நிற்கும் மனிதனைப் பற்றிச் சொன்னேனே, அவனை மூலையிலிருந்து நடுவுக்கு அழைத்துவருவதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

இடிந்தவற்றை என்ன செய்வது என்ற வினா எஞ்சுகிறது. இங்கிலாந்தில் இரஸ்கின் 1849-இல் எழுதிய நூலில் பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதே அதன் அழிவு என்று வாதிட்டார். 1877-இல் வில்லியம் மாரிஸ் அந்தக் கருத்தையொட்டி ஒரு சங்கமே தொடங்கினார். நம் நாட்டில் இது அப்படியே பொருந்தாது. வழிபாடு நடக்கும் கோயிலில் கூரை ஒழுகினால் திருப்பணி செய்துதான் ஆக வேண்டும். ஆனால் திருப்பணி என்ற பெயரில் சுவர்களின் மேல் மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டுகளை மழுக்கியதும், சாந்து பூசிய இடத்தில் சிமெண்டைக் குழைத்து அப்பியதும், கருங்கல் தூணுக்கு எண்ணெய் வண்ணம் தீட்டியதும் பக்தியின் பாற்பட்டவை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவை பழையதைக் காப்பதுமில்லை, புதியதைப் படைப்பதுமில்லை.

இதற்கு வழிகாட்டியை நாம் இலண்டனில் தேட வேண்டாம். திருமழபாடியில் இருக்கிறது. அந்தக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று முதலாம் இராசராசன் காலத்தில், அவனுடைய 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணை பிறந்தது. அந்த ஆணையிலேயே ஒரு நிபந்தனை இருந்தது: சுவர்களை இடிப்பதற்கு முன் அவற்றில் உள்ள கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதிக்கொண்டார்கள். பின்னர் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், கட்டி முடிந்த புதிய சுவர்களில் அந்தப் பழைய வாசகங்களை மீண்டும் வெட்டினார்கள். எந்த ஊருக்கு எவ்வளவு நிலம், யார் விளக்குக்கு எத்தனை ஆடு கொடுத்தார் என்ற கணக்குகள் அழியக்கூடாது என்ற கவலை அது. இடிப்பவனுக்கும் அந்தக் கடமை உண்டு என்று அவர்கள் கருதினார்கள்.

இந்த வட்டம் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. செயலாளர் அவர்கள் புதிய பணி ஏதேனும் சொல்லுமாறு என்னிடம் கேட்டார். என் வேண்டுகோள் இதுதான். நம் ஊரைச் சுற்றி நாலைந்து கல் தொலைவுக்குள் இடிந்த சத்திரங்கள், கல்மண்டபங்கள், ஆளில்லாத பெரிய வீடுகள், தூர்ந்த குளத்தின் படித்துறைகள் எத்தனையோ இருக்கின்றன. எந்தத் துறையின் பட்டியலிலும் அவை இல்லை. திங்களுக்கு ஒரு ஞாயிறு, இருவர் மூவராகப் போகலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் அளவு நாடாவும் போதும். நீள அகலத்தை எழுதுங்கள், எழுத்து இருந்தால் பார்த்து எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, அருகில் குடியிருக்கும் முதியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: இது எப்போது இடிந்தது, யார் கடைசியாகப் புழங்கினார்கள், கல் எங்கே போயிற்று, எடுக்காதீர்கள் என்று யாராவது சொன்னார்களா? தரையில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் கீறியிருந்தால் அதையும் விடாமல் வரைந்துகொள்ளுங்கள். அடுத்த மலரில் இலக்கியக் கட்டுரைகளோடு அந்தக் குறிப்புகளுக்கும் சில பக்கங்கள் ஒதுக்குமாறு ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.